அவன் படுத்த கட்டில்

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். நேத்தும் நீங்க ஒரு வாய் சாப்பிடலை. எனக்கு ஓவர்டைம், வர லேட்டாகும்.

பையன் கட்டிலை எடுக்கிறவர் மத்தியானம் வருவார். கொடுத்துடுங்க. அவனை அடக்கம் பண்ணின நாள்ல இருந்து எனக்கும் அந்த ரூமுக்குள்ள போகத் தெம்பில்லை.

ஆனா கம்ப்யூட்டர் விளையாட்டுல அவன் கட்டின ஊர்ல இனிமே கை வைக்காதீங்க. அவன் வீட்டை அழகுபடுத்தப் போய், கட்டிலை உடைச்சுட்டு ஜன்னலோரம் புதுசு போட்டிருக்கீங்க. நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தெரியும். அங்க செத்தவன் கடைசியா படுத்த கட்டில்லதான் திரும்ப எழுந்திருப்பான். அதை உடைச்சா அந்த வீட்டுக்கு வர வழியே இல்லை. அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அதான் அப்படிக் கத்திட்டேன். "நீங்களே கொன்னுட்டீங்க"ன்னு சொன்னது தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க.

அந்த ஊர்ல இருட்டுறதுக்குள்ள கதவுகளை மட்டும் சாத்திடுங்க. ரொட்டிக்கடைக்காரன் எப்பவும் திறந்து போட்டுட்டுத் தூங்கிடுவான். பூதம் உள்ள வந்துடும், பாவம்.

இன்னொண்ணு, சொல்ல மறந்துட்டேன். காலையில நானே பழைய இடத்துல அதே மாதிரி கட்டில் போட்டுப் பார்த்தேன். அவன் வந்து ஒரு தடவை படுத்தாத்தான் அது அவன் கட்டிலாம்.