ஆட்ரி ஒட்டிவைத்த பன்னிரண்டு வரி

பிடோக்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு

அன்பு மருமகள் ஆட்ரிக்கு,

உன் சூசைநாதன் மாமா பெர்த் நகரம் வரைக்கும் கேட்கும்படி உரக்க வாழ்த்துச் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அத்தையும் நலம். நீ அங்கே குளிருக்குக் கம்பளி போடுகிறாயா, வேளைக்குச் சோறு சாப்பிடுகிறாயா என்று உன் அம்மாவை விட நான்தான் அதிகம் யோசிக்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது மாமாவுக்கு எதற்குத் தபால்தலை என்று நீ சிரிப்பாய். போனில் என் வாய் தானாகவே பெரிதாகப் பேசிவிடுகிறது, பிள்ளை. பேனா பிடித்தால் கொஞ்சம் நிதானம் வருகிறது.

முதலில் நன்றி. விமானம் ஏறுவதற்கு முன் எங்கள் ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாயே, 'டேக்' என்ற ஒரே சொல்லை வைத்துப் பன்னிரண்டு வரி, பக்கத்தில் தமிழில் அர்த்தம்! அந்தத் தாளால் தெம்பனிஸில் நான் காவல் பார்க்கும் கொண்டோ அடுக்குமாடியில் என் நடையே மாறிவிட்டது. பெரியவர்கள் லிஃப்ட்டைப் பிடிக்க ஓடிவந்தால், "டேக் யுவர் டைம், சார்" என்கிறேன். விருந்தாளி காத்திருந்தால் "டேக் எ சீட்." போன வாரம் சாப்பாடு கொண்டுவந்த இரண்டு பேர் ஒரே லிஃப்ட்டுக்குச் சண்டை பிடித்தார்கள். நடுவில் போய் நின்று, "டேக் டர்ன்ஸ்!" என்று ஒரு குரல் கொடுத்தேன். இருவரும் பெட்டிப்பாம்பாய் அடங்கினார்கள். நாற்பது பேர் கூடி நின்று பார்த்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் அதீஃப், "நாலு பேருண்ணே" என்கிறான். அவனுக்கு எண்ணத் தெரியாது. பன்னிரண்டாம் மாடி வெள்ளைக்காரர், நான் எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒருநாள் விசாரித்தார். சிரித்துவைத்தேன். பிரைமரி ஃபைவை, அந்த ஐந்தாம் வகுப்பை, இரண்டு தடவை படித்த கதையெல்லாம் அவருக்கு எதற்கு?

கடைசி வரியை மட்டும் நான் படிக்கவில்லை. "குட் யூ டேக் மீ துரூ இட் அகெய்ன்?" இன்னொரு தடவை விளக்கிச் சொல்வீர்களா என்று அர்த்தம் எழுதியிருந்தாய். அது தெரியாதவன் கேட்கிற கேள்வி, நமக்கு வேண்டாம் என்று தாண்டிவிட்டேன்.

இனி அத்தை விஷயம். அவளுடைய பித்தப்பைக் கல்லை எடுக்கும் ஆபரேஷன் போன மாதம் தள்ளிப்போனபோது, டாக்டருக்கு அவசரமாக ஜெர்மனியில் கூட்டம் வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? டாக்டர் எங்கேயும் போகவில்லை.

நடந்தது இதுதான். நீ இருந்தவரை மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பெல்லாம் உனக்கு வரும். இப்போது என் எண்ணுக்கு வருகிறது. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு நர்ஸ் அழைத்து, மூன்று நிமிடம் படபடவென்று பேசினாள். எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. தமிழ் தெரிந்தவரைப் பேசச் சொல்லவா என்று அவள் கேட்டது மட்டும் நன்றாகப் புரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டாம் மாடிக்காரர் பார்சல் வாங்க எதிரே நின்றார். "நோ நீட், நோ நீட். கேன், கேன்" என்று, எல்லாம் எனக்கே புரிந்த தோரணையில் போனை வைத்துவிட்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளைத் தேக்கா சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். நம் குடும்பத்தில் பெரிய காரியத்துக்கு வெறும் வயிற்றோடு யாரையும் அனுப்பியதில்லை, உனக்கே தெரியும். அவள், "வேணாங்க, எனக்கு என்னமோ எறங்க மாட்டேங்குது" என்றாள். "ரெண்டே ரெண்டு இட்லி லா, கத்தியைத் தாங்கத் தெம்பு வேணாமா?" என்று நான்தான் ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தேன்.

மருத்துவமனையில் ஒரு மலாய் நர்ஸ், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் அவள் முகம் மாறிப்போயிற்று. முதல் நாள் நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று போனில் சொல்லியிருந்தார்களாம். யாரிடம் சொன்னோம் என்று கணினியில் தேட ஆரம்பித்தாள். அப்போது உன் அத்தை முந்திக்கொண்டாள். "அவரு சொன்னாரு. நான்தான் பசி தாங்காம, அவருக்குத் தெரியாம சாப்பிட்டுட்டேன்" என்று மலாயில் சொன்னாள். நர்ஸ் அவளைச் சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டினாள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் மரம்போல நின்றேன்.

அடுத்த தேதிக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் இரண்டு தடவை வலியில் சுருண்டு படுத்தாள். ஒரு சொல், ஒரு குத்தல் கிடையாது. அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில், "இட்லி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

மறுபடி நர்ஸ் அழைத்தபோது கொண்டோ வாசல் கேட்டருகே ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். நிற்கட்டும் என்று உன் கடைசி வரியைச் சொன்னேன். அவள் முதலிலிருந்து நிதானமாகச் சொன்னாள். வருகைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். "அகெய்ன்" என்றேன். மறுபடி சொன்னாள். எழுதியதை நான் திருப்பிச் சொன்னேன், ஒரு இடத்தில் திருத்தினாள். அதீஃப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கு வியர்த்துவிட்டது; ஆனால் ஒரு வார்த்தை தப்பவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. சரி, மிளகு அளவு. நேற்றிலிருந்து தானே எழுந்து நடக்கிறாள். கஞ்சியில் உப்பு போதவில்லை என்று குறைகூடச் சொல்லிவிட்டாள். நீ எழுதிக்கொடுத்த வரி இல்லாவிட்டால் இன்னும் எத்தனை தடவை தள்ளிப்போயிருக்குமோ. நீ நன்றாக இருக்க வேண்டும், தாயே.

உனக்கு நன்றி சொல்லிவிட்டேன். அவளுக்குத்தான் பாக்கி. முப்பத்துநான்கு வருஷத்தில் அவளிடம் நான் தப்பு என்று ஒன்றையும் ஒத்துக்கொண்ட பழக்கமில்லை. மூன்று தடவை அவள் கட்டிலருகே போனேன். "என்ன, ரிமோட்டா தேடறீங்க?" என்றாள். ஆமாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே மாமாவுக்காக ஒரு காரியம் செய். செவ்வாய்தோறும் எனக்குப் பகல் வேலை. கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் செவ்வாயில், அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் போட்டு, இந்தக் கடிதத்தை அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டு. நான் பெருமையடித்த இடங்களையும் விடாதே, அவளுக்குச் சிரிப்பு வரும். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

மாதா உன்னை எந்நேரமும் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அந்தோனியம்மாளின் கணவன்
சூசைநாதன்