எஞ்சினை எஞ்சினாகவே அறிவிக்க வேண்டி

அனுப்புநர்:
அம்சவள்ளி த/பெ செல்லையா,
மேட்டு லயம், ஒன்பதாம் கட்டைத் தோட்டம்,
அசாம் ஜாவா, கோல சிலாங்கூர்.

பெறுநர்:
உயர்திரு மேலதிகாரி அவர்கள்,
இளைஞர் பயிற்சி, வேலைவாய்ப்பு மனுக்கள் பிரிவு,
ஷா ஆலாம்.

பொருள்: சாமியாக அறிவிக்கப்பட்ட பயிற்சி எஞ்சினை மீட்டுத் தருதல், ஆற்றின் இரு கரை அலுவலகங்களும் இளைஞருக்கு வேலை காட்டும் முறையை ஒப்பிட்டு முறையிடுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பெண். பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்தவள். எங்கள் தோட்டத்து டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் வகுப்பில் சேர்ந்த ஒரே பெண்ணும் நானே. செகிஞ்சானில் உழவு இயந்திரங்களும் நீர்ப் பம்புகளும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை காத்திருக்கிறது. அந்தப் பட்டறை முதலாளியான சீனத் தவ்கேயின் நிபந்தனை ஒன்றுதான்: இம்மாதம் முடிவதற்குள் அவர் கண்முன்னே ஓர் எஞ்சினைப் பிரித்து, மறுபடியும் பூட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். பெண் என்று அவர் தயங்கவில்லை. கை பழகியிருக்கிறதா என்றுதான் கேட்டார். கை பழக எங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரே எஞ்சின். அது இப்போது சாமியாக இருக்கிறது.

2. நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கரையின் பகுதி அலுவலகம் ஒரு பழைய எஞ்சினையும் நடராஜா என்ற ஆசிரியரையும் கொடுத்து, தோட்டத்து மாட்டுக்கொட்டகையில் வகுப்பைத் தொடங்கியது. ஆயுத பூசையன்று வழக்கப்படி எஞ்சினைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து மாலை சாத்தினோம். அன்று கருவிகளைத் தொடுவதில்லை ஆகையால் ஓரமாக உட்கார்ந்து சுண்டல் தின்றோம். இதுவரை குற்றம் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சின்னம்மா, “என்னாடி இது, மொகமே இல்லாம மொட்டையா நிக்கிது!” என்று சொல்லி, மாரியம்மனுக்கு நேர்ந்து வாங்கி வைத்திருந்த வெள்ளிக் கண்மலர் இரண்டையும் எஞ்சினில் ஒட்டிவிட்டார். மஞ்சள் துணியும் கட்டினார். கண் வைத்த பிறகு அது எங்களையே பார்ப்பதுபோல்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

3. அந்த நேரம் பார்த்து, வகுப்பைப் பார்வையிட அலுவலகத்து அதிகாரி வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். பார்த்தவுடன் காலணியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். ஆசிரியர் நடராஜா அவரைச் சமாதானப்படுத்த எண்ணி, “இன்னிக்கி மட்டுந்தான் சார், நாளைக்கு அக்குவேறா ஆணிவேறா கழட்டிருவோம்லா” என்றார். அதிகாரிக்கு முகமே மாறிவிட்டது. அடுத்த வாரமே எஞ்சினைச் சுற்றி வேலி வந்தது, பூட்டு வந்தது, ‘வழிபாட்டுத் தலம், தொடக்கூடாது’ என்று பலகையும் வந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் கூரை ஒழுகுவதாக நாங்கள் எழுதிப்போட்டு வருடக்கணக்காகிறது. எஞ்சினுக்குத் தகரக் கூரை இரண்டே நாளில் போட்டார்கள்.

4. கூரையைப் பார்த்ததும் கூட்டம் வந்துவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமை தோறும் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்தெல்லாம் வந்து, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேலிக்கு வெளியே தேங்காய் உடைக்கிறார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி சன்னாசி பொறுக்க மாட்டாமல் அலுவலகத்துக்கே போய், “ஐயா, அது எஞ்சினு. நாப்பது வருசமா சாமிய குளுப்பாட்டுறவன் நான், எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிப் பார்த்தார். போட்டிக் கோயிலின் பூசாரி சொல்வதைச் சாட்சியமாக ஏற்க இயலாது என்று பதில் வந்தது. எங்கள் வகுப்பு மட்டும் தடையில்லாமல் நடக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் எஞ்சின் வரைகிறார். நாங்கள் அதை அழிக்கிறோம்.

5. ஆற்றுக்கு அந்தக் கரையில் வேறு அலுவலகம், வேறு முறை. அங்கே பயிற்சி என்ற பேச்சே கிடையாது. பெயர் பதிந்தால் வேலை. என் அத்தை மகன் ராஜு பதிந்த மறுநாளே, புதிதாகக் கட்டும் உல்லாச விடுதியில் நீச்சல் குளத்துக் காவலராகி விட்டார். முழுகுகிறவர்களைக் காப்பாற்றும் வேலை. அவருக்கு நீந்தத் தெரியாது. குளத்தில் இன்னும் தண்ணீர் விடவில்லை என்பதால் இதுவரை உயிர்ச்சேதம் இல்லை. தீபாவளிக்கு வந்தபோது, “அடுத்த மாசம் தண்ணி தொறக்குறாங்களாம் அம்சா, பயமா இருக்குலா” என்று அழாத குறையாகச் சொன்னார். நீச்சல் கற்றுத் தரும்படி அவர் தம் அலுவலகத்தில் கேட்டதற்கு, பயிற்சி எல்லாம் எங்கள் கரையில்தான் என்று அனுப்பி வைத்தார்கள். இங்கே வந்தவரை எஞ்சின் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். நான் அந்தக் கரைக்குப் போய், பழகிப் பார்க்க ஓர் எஞ்சின் கேட்டேன். ராஜுவுக்குத் துணையாக இரண்டாவது காவலர் வேலை தருவதாகச் சொன்னார்கள். இரண்டு அலுவலகங்களும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் எங்கள் இருவர் பாடும் தீர்ந்துவிடும் என்பது என் பணிவான எண்ணம்.

6. என்னோடு படித்த பெண்கள் ரவாங் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். இந்த வருட ஆட்குறைப்பில் பாதிப் பேர் லயத்துக்கே திரும்பிவிட்டார்கள். எனக்குப் பிடித்த வேலை இது ஒன்றுதான், ஐயா. தினமும் வேலிக்கு வெளியே நின்று, தெரிகிற நட்டுகளையெல்லாம் மனத்தால் கழற்றி மனத்தால் பூட்டிப் பார்க்கிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், இந்த வயதில் என்ன பக்தி என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அழுகைதான் வருகிறது.

7. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து:

அ) எஞ்சின் எஞ்சினே என்று ஒரு வரி எழுதி, வேலிச் சாவியை ஆசிரியரிடம் தரச் செய்ய வேண்டும்.

ஆ) குளத்தில் தண்ணீர் விடும் முன் ராஜுவுக்கு நீச்சல் கற்றுத் தர வேண்டும், அல்லது, அவர் கற்றுக்கொள்ளும் வரை தண்ணீரையாவது நிறுத்தி வைக்க வேண்டும்.

இ) ஒருமுறை சாமி என்று எழுதியதை மாற்றச் சட்டத்தில் இடமில்லை என்றால், அந்தச் சாமிக்கு இன்னும் பூசாரி இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்த வேலையை எனக்கே தர வேண்டும். சாமியைத் தொடும் உரிமை பூசாரிக்கு உண்டு. எண்ணெய்க் காப்பும் டீசல் அபிஷேகமும் முறை தவறாமல் செய்வேன். ஒவ்வோர் அங்கமாகக் கழற்றி, கழுவி, துடைத்து, மறுபடியும் பூட்டி, தீபாராதனை முடிந்ததும் ஒருமுறை ஓட்டியும் காட்டுவேன். அந்த விசேஷத்தை மட்டும் இம்மாத இறுதிக்குள் வைத்துக்கொள்ள அனுமதி தாருங்கள். செகிஞ்சான் தவ்கேயை நானே நேரில் போய் அழைத்து வருகிறேன்.

தங்கள் ஒரு வரி உத்தரவுக்காக வேலி ஓரத்தில் காத்து நிற்கும்,

(ஒப்பம்)
அம்சவள்ளி த/பெ செல்லையா

இடம்: ஒன்பதாம் கட்டைத் தோட்டம்
நாள்: 10 நவம்பர் 1986