பேஸ் கிட்டாருக்கு நாலு மார்க்

சனிக்கிழமை, இரவு.

பொத்தேரியில் ஒரு கல்லூரி இசைப் போட்டிக்கு இன்று நான் நடுவர். சர்ச்சில் இருபது வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் என்பதுதான் என் தகுதி. கூட உட்கார்ந்த நடுவர் ரேடியோவில் பேசுகிறவர். சோல், ஃபங்க், ராக் என்ற மேற்கத்திய இசை வகைகள் எல்லாம் எப்படி உலகத்தைப் பிடித்தன என்று மைக்கில் கால் மணி நேரம் அளந்தார். பிறகு மேடையில் எவன் தலைமுடியைச் சிலுப்பினாலும் கைதட்டினார். தாளம் தப்பியதுகூட அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு பெண் பேஸ் வாசித்தாள். ஃபங்க்தான். உடம்பு அசையவில்லை, பார்வை விரல்களை விட்டு நகரவில்லை. ஸ்வரங்களுக்கு நடுவே அவள் விட்ட இடைவெளிகள்தான் பாட்டையே தாங்கின. முன்வரிசைப் பிள்ளைகள் தங்களை அறியாமல் காலைத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

“எனர்ஜியே இல்ல மேடம், இதெல்லாம் ஃபங்க்கா?” என்று சொல்லிப் பத்துக்கு மூன்று போட்டார் அவர். என் தாளை எட்டிப் பார்த்தார். நான் நாலு போட்டேன்.

வெளியே அந்தப் பெண் காத்திருந்தாள். “மேம், நான் எங்க தப்பு பண்ணேன்?”

“இன்னும் நல்லா பிராக்டிஸ் பண்ணும்மா.”

அந்த ரேடியோக்காரரைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த ஆளுக்காவது ஒன்றும் தெரியாது. நான் தெரிந்தே போட்டேன்.