உறங்குகிற வண்டிக்குச் செயின் எதற்கு?

தண்டையார்பேட்டை
14-3-1950

அன்புள்ள தோஸ்து வேதமாணிக்கத்துக்கு,

சுப்புராயன் எழுதுவது. நான் நலம். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, முதலாளியின் சிடுசிடுப்புக்கும் குறைவில்லை. ஞாயிறன்று ராயபுரம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். பூசை முடிந்து வந்த கையோடு எனக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டார்கள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மாசம் ஒரு கடிதாசி போட்டா கை தேஞ்சிடுமா அவனுக்கு?" என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது விட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்று இங்கே ஒரு கிடங்கில் மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கிறது. அமெரிக்க வண்டி. இருபத்தொன்பதாம் வருஷத்து ஹார்லி. நீ பம்பாயில் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சோறு இறங்காமல் புலம்பினாயே, அதன் பெரியண்ணன்!

கிளட்ச் காலில், கியர் கையில். இங்கே எல்லோருக்கும் இங்கிலீஷ் வண்டிதான் பழக்கம். ஏறிப் பார்த்த இரண்டு பேரும் நேராகப் போய்ச் சுவரில் முட்டினார்கள். போதாததற்கு ஒரு சாமான் உடைந்தால் அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டும். அதனால் முந்நூறு ரூபாய்க்குக்கூட ஆள் இல்லை. ஆனால் மாமு, அமெரிக்காவுக்குப் போய்வருகிற ஆள் நமக்குத் தெரிந்து நீ ஒருவன்தானே? உடனே பதில் எழுது.

உன் பிரியமுள்ள
சுப்புராயன்


பால்டிமோர்
2-5-1950

பிரியமுள்ள சுப்புவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உன் கடிதத்தை ஆறு தரம் படித்தேன். எண்ணெய்க் கறை பட்டு ஒரு வரி அழிந்துவிட்டது. அது எந்த வரி என்றும் எனக்குத் தெரியும், மனப்பாடம்.

வாங்கிவிடு. பணமும், நான் கையெழுத்துப் போட்ட தாள்களும் காஜா மொய்தீன் கையில் வருகின்றன. அவன் கப்பல் ஜூனில் சென்னைக்கு வரும். என்னோடு வேலை பார்த்தவன், நம்பலாம். வண்டியை என் பெயருக்கே பதிந்து, ஆர்.சி. புத்தகத்தை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வை.

நீ சிரித்தாலும் சரி, சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாக இன்ஜின் அறையில் எண்ணெய்க் குவளையோடு நிற்கிறேன். உலகத்தைச் சுற்றுகிறான் என்று ஊரில் பேச்சு. நான் பார்த்ததெல்லாம் குழாயும் வால்வும்தான். எனக்கென்று ஆசைப்பட்டு நான் வாங்கும் முதல் பொருள் இந்த வண்டி. இன்னும் ஒன்றரை வருஷத்தில் கப்பலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து, காற்று முகத்தில் அடிக்க எண்ணூர் வரை ஓட்டிப் போகவேண்டும்.

நீ ரிப்பேர் செய். வாரம் ஒரு தரம் ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை போய்வா. அதற்கு மேல் வேண்டாமடா. முதல் நீள ஓட்டம் என்னுடையதாக இருக்கட்டும்.

உன்
வேதம்


தண்டையார்பேட்டை
20-8-1950

அன்புள்ள முதலாளி வேதமாணிக்கம் அவர்கள் சமூகத்துக்கு,

ஆம், இனி நீ முதலாளிதான். வண்டி உன் பெயருக்கு வந்துவிட்டது, புத்தகம் பெட்டிக்குள் போய்விட்டது. ஐந்து வாரம் பட்டறை மூடிய பிறகு தினம் உட்கார்ந்தேன். கார்புரேட்டருக்குள் கரப்பான் குடும்பமே இருந்தது. பதினோராவது உதையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. பார்க்க வந்திருந்த உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "இன்னாடா இது, எருமை மாறி கத்திகினு கீது! இதுக்கா அவன் துட்ட கொட்டினான்?" என்றார்கள். ஆனால் போகும்போது முந்தானையால் டாங்கைத் துடைத்துவிட்டுத்தான் போனார்கள்.

செயின் ஒன்றும், பிளக் இரண்டும் வேண்டும். அங்கே பழைய இரும்புக் கடையில் சல்லிசாகக் கிடைக்குமே.

இன்னொரு சேதி. எனக்குப் பெண் பார்த்தாயிற்று. திருவொத்தியூர், தீப்பெட்டி ஆலை மேஸ்திரி குமாரவேல் மகள், பெயர் வரலட்சுமி. மாமனார் முதலில் இழுத்தடித்தார், பிறகு என்ன நினைத்தாரோ, சரி என்றுவிட்டார். கார்த்திகையில் கல்யாணம். நீ இல்லாமல் எனக்கு ஒரு கை ஒடிந்த மாதிரிதான்.

சுப்பு


நார்ஃபோக்
11-12-1950

பிரியமுள்ள புது மாப்பிள்ளைக்கு,

இந்நேரம் தாலி கட்டி முடித்திருப்பாய். இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும் என்று ஜெபித்தேன். பெண்ணுக்கு ஒரு கம்பளிச் சால்வை வைத்திருக்கிறேன். சென்னையில் கம்பளி எதற்கு என்று கேட்காதே, எனக்கு வேறு எதுவும் வாங்கத் தெரியவில்லை.

செயினும் பிளக்கும் இதே பொட்டலத்தில். கடைக்காரக் கிழவர் என் கையில் இருந்த சீட்டில் வண்டியின் பெயரைப் பார்த்து, "இந்தியாவில் இந்த வண்டி இன்னும் ஓடுகிறதா?" என்று ஆச்சரியப்பட்டார். என்னுடையது என்றேன். மெட்ராஸில் இருக்கிறது என்றேன். படம் இருக்கிறதா என்று கேட்டார். நானே பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, சுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை.

வேதம்


திருவொத்தியூர்
18-4-1951

அன்புள்ள வேதத்துக்கு,

சால்வை வந்தது. வரலட்சுமி அதை மடித்து வைத்துத் தினம் தொட்டுப் பார்க்கிறாள். மாமனார் வீட்டுப் பக்கமே எங்களுக்கும் வீடு கிடைத்துவிட்டதால் விலாசம் மாறிவிட்டது, கவனித்துக்கொள். வண்டியையும் இங்கேயே கொண்டுவந்துவிட்டேன். மழை ஒழுகாத கொட்டகை ஒன்று இருக்கிறது. கோணிப்பை போர்த்திக்கொண்டு மகாராஜா போல உறங்குகிறது. வாரம் ஒரு தரம் எழுப்புகிறேன், நீ சொன்னபடி.

போட்டோக்காரன் ஊரில் இல்லை. வந்ததும் எடுக்கிறேன்.

செயின் இன்னொன்று வேண்டும். பிரேக் கட்டையும் தேய்ந்துவிட்டது. முடிந்தால் பின் டயரும் பார். உடம்பைப் பார்த்துக்கொள். வரலட்சுமிக்கு இது ஐந்தாம் மாதம். பிறப்பது பையனாக இருந்தால் உன் பெயரையே வைப்பேன், என்ன, பாதிரியார் கோபித்துக்கொள்வாரா?

சுப்பு


நியூயார்க்
9-7-1951

சுப்புவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக யோசிக்கிறேன். நான் இன்ஜின் அறைக்காரன். எது எவ்வளவு ஓடினால் எவ்வளவு தேயும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வாரம் ஒரு தரம் தெருமுனை வரை போகிற வண்டி வருஷத்துக்குள் இன்னொரு செயின் கேட்காது. கோணிப்பைக்குள் உறங்குகிற வண்டி பிரேக் கட்டையைத் தின்னாது. பின் டயர் தேய ஊர் சுற்றவேண்டும்.

அவசரத்துக்கு எடுத்திருந்தால் சொல்லிவிடு. கோபித்துக்கொள்வேன், நாலு நாளில் ஆறிவிடும். உன்னிடம் எனக்கு என்ன ஒளிவுமறைவு? நேராக எழுது.

கேட்ட சாமான்களை வாங்கிவிட்டேன். இந்தத் தடவை நானே கொண்டு வருகிறேன். ஜனவரியில் கணக்கு முடித்து இறங்குகிறேன்.

வேதமாணிக்கம்


ராயபுரம்
16-1-1952

சுப்புராயனுக்கு,

ஜூலையில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. திங்களன்று வந்து இறங்கினேன். வண்டி எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "மய ஒய்வாத கொட்டாய் அங்கதான் கீதுன்னு சொன்னான், நானும் நம்பிட்டேன்" என்றார்கள். வண்டியை ஓட்டுவது பற்றி நான் எழுதிய எதையும் நீ அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை என்பதும் தெரிந்தது. படிக்கத் தெரியாதவர்களிடம் வரிகளை விழுங்குவது சுலபம், இல்லையா?

நேற்று டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். டயரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு.

"நீங்கதான கப்பல்காரரு? எங்க வூட்டு வண்டிக்கு சாமான் கொணாந்து குடுக்கறவரு? அவரு சொல்லிகினே இருப்பாரு. குந்துங்கண்ணே" என்று மோர் கொடுத்தாள்.

எங்க வூட்டு வண்டி. அவள் கபடமில்லாத பெண், அவளாகவே எல்லாம் சொன்னாள். "பொண்ணு பாக்க வந்தப்போ இதுலதான் வந்தாரு. எங்க நைனா இவர வாணான்னுதான் இருந்தாரு. வண்டிய பாத்துட்டுதான் சரின்னாரு. ஞாயித்துக்கெழமையானா எண்ணூர் வரிக்கும் போய்கினு வருவோம்" என்றாள்.

வண்டி முற்றத்தில் நின்றது. கோணிப்பையைக் காணோம். ஹேண்டிலில் குழந்தையின் துணி காய்ந்தது. ஒன்றரை வருஷமாகக் கடலில் நான் நினைத்து நினைத்துப் பார்த்ததைவிட அழகாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ நல்ல வேலைக்காரன். கிட்டே போய் டாங்கின்மேல் கை வைத்தேன்.

"தொடாதீங்கண்ணே. வேற ஆளு கை வெச்சா அவருக்கு ஆவாது" என்றாள்.

கையை எடுத்துவிட்டேன், சுப்பு. என் வண்டியிலிருந்து என் கையை எடுத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. ஆமாம்மா, சாமான் கொண்டுவருகிறவன்தான் என்று சொல்லி, டயரை வைத்துவிட்டு வந்தேன்.

பெண் பார்க்க ஒரு நாள் கேட்டிருந்தால் நானே உனக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். ஓட்டியதுகூட எனக்குப் பெரிதில்லை. என்னை உனக்குச் சாமான் சுமக்கிற ஆள் ஆக்கிவிட்டாயே, அதுதான் வயிறெரிகிறது. அந்த இரும்புக் கடைகளில் பனியில் நின்று நான் பொறுக்கியதெல்லாம் உன் மாமனாருக்கு உன் பவிஷைக் காட்டத்தானா?

புத்தகம் என் பெயரில் இருக்கிறது. வண்டியை நேற்றே உருட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அதற்குள் நீயே உன் வாயால் உன் மனைவியிடமும் மாமனாரிடமும் உண்மையைச் சொல்லிவிடு. நான் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். பழகிய தோஷத்துக்கு இந்த ஒன்றைத்தான் உனக்குச் செய்ய முடிகிறது.

வேதமாணிக்கம்


திருவொத்தியூர்
19-1-1952

என் உயிர்த் தோழன் வேதத்துக்கு,

இன்று சனிக்கிழமை. நீ வருகிறவரை காத்திருக்காமல் வண்டியை நானே உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். நீ சந்தைக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னார்கள். இந்தக் கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உன்னைச் சாமான்காரன் என்று நான் சொன்னதே இல்லை, என் குழந்தைமேல் சத்தியம். கப்பலில் ஒரு தோஸ்து இருக்கிறான், வண்டிக்குச் சாமான் அனுப்புவான் என்றுதான் சொன்னேன். அவளாக அப்படிப் புரிந்துகொண்டாள். நானும் திருத்தவில்லை. அது தப்பு. பெண் பார்க்கப் போன அன்று தோஸ்துடைய வண்டி என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் மாமனார், "வண்டி உங்களுதா மாப்ளே?" என்று கேட்டுவிட்டார். என்னை அதுவரை எவரும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. ஆமாம் என்று வந்துவிட்டது. அப்புறம் அதைத் திரும்ப விழுங்க எனக்கு வழி தெரியவில்லை.

நீ சொன்னபடி வீட்டில் பேசிவிட்டேன். ஆனால் மாமனார் முகத்தைப் பார்த்ததும் முழுசாகச் சொல்ல வரவில்லை. வண்டியை உனக்கு விற்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். தோஸ்து ரொம்ப நாளாக ஆசைப்படுகிறான், பாவம், மனசு கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன் என்றேன். வரலட்சுமி அழுதாள். உனக்கு இதில் ஒரு குறையும் இல்லையே? வண்டி உன்னிடம் வந்துவிட்டது. எங்கேயாவது மாமனார் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டிவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

என்றும் உன்
சுப்பு


ராயபுரம்
28-1-1952

திரு. சுப்புராயனுக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. பழுது எதுவும் இல்லை. அம்மாவுக்குப் படிக்கவும் எழுதவும் இனி நானே இருக்கிறேன். நீ இனி இங்கே வரவேண்டாம். எனக்கு எழுதவும் வேண்டாம். இதை மட்டும் உனக்குத் தெரிவிக்க வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

நேற்று தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் உன் மாமனார் வண்டியைப் பார்த்து அடையாளம் கண்டு கைகாட்டி நிறுத்தினார். கீழே இறங்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மாப்ள மனசே இல்லாமத்தான் குடுத்தாரு நைனா. தோஸ்துக்கோசரம் குடுத்துட்டாரு. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க சொல்லு? பத்தரமா வெச்சிக்கோ" என்றார்.

நீ கேட்டபடி தலையை ஆட்டினேன். அவர் கையை விடவில்லை. அதற்கு நான் ஏதாவது சொல்வேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். உங்கள் மாப்பிள்ளைக்கு ரொம்ப நன்றி என்று சொல்லுங்கள் என்றேன்.

ச. வேதமாணிக்கம்