நீ விட்டுப்போன ஃபாலோ

என் உயிர்க் கூட்டாளி கௌதமா,

ஈஜிபுராவிலிருந்து முருகேசன் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. வலது கையால் எழுதுகிறேன்டா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஏழு மாதத்துக்கு முன்னால் இந்தக் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

முதலில் ஏரியாச் செய்தி. மேம்பாலமா? நீ பார்த்தபடியே பாதியில்தான் நிற்கிறது. அடுகோடி பட்டறையில் உன் லேத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். உன் அளவுக்கு வாய் கிடையாது, வேலை உன்னைவிடச் சுத்தம். மன்றத்து கேரம் போர்டு அதேதான். உன் பக்கத்து மூலை இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. யாரும் சரிசெய்ய விடவில்லை.

இரண்டு வருடமாக உனக்கு நான் ஒரு வரிகூட எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை. டபுள்ஸ் ஆட்டம், நீ எனக்கு எதிரே. ரெட் போட்டுவிட்டாய். ரெட் போட்டால் மட்டும் போதாதே, அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்றைப் போட்டு ஃபாலோ பண்ண வேண்டும், இல்லையென்றால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். நம் காய் பாக்கெட் விளிம்பில்தான் இருந்தது. ஊதினாலே விழும். ஸ்ட்ரைக்கர் உன் விரலிலிருந்து வழுக்கியது. கை தொங்கிப்போனது.

"கேஸ் ட்ரபிள்டா மச்சான்" என்று சொன்னவன் நான். ஓடிப்போய் சோடா வாங்கி வந்தவனும் நான். நாக்கு குழறியபோது, காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று யாரோ சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன். ஆளாளுக்கு உன் கையைத் தேய்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம்! ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் நீ இல்லை.

உன் பெண்டாட்டி விமலா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்றத்துக்கு எதிரே இட்லிக் கடை போட்டாள். நான் போனால் தட்டில் ஒரு இட்லி கூடவே விழும். அதைத் தின்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

இந்த வருடம் உகாதி முடிந்த ஞாயிறு, அந்தக் கடை முன்னால்தான் நான் விழுந்தேன். முதலில் தட்டு விழுந்தது. சட்டையெல்லாம் சட்னி. ஏதோ சொல்லப் பார்த்தேன், வாய்க்குள் நாக்கு புரளவில்லை. "கேஸ்தான், சோடா குடுங்கப்பா" என்று ஒரு குரல். நம்புவாயா, இடது கையால் அந்த சோடாவை நானே வாங்கிவிட்டேன்! அவ்வளவு அறிவு எனக்கு.

விமலா கரண்டியோடு வந்து பாட்டிலைத் தட்டிவிட்டாள்.

"அண்ணே, சிரிங்க. பல்லு தெரியச் சிரிங்க!"

சிரித்தேன். வாய் ஒரு பக்கமாகப் போனது.

"ரெண்டு கையையும் தூக்குங்க!"

இடது கை மட்டும் எழுந்தது. அவ்வளவுதான், நடுரோட்டுக்கு ஓடிவிட்டாள். "ஏ ஆட்டோ! பேக பா, பேக!" சீக்கிரம் வா என்று கன்னடத்தில் கத்தல். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது, கல்லாப்பெட்டி திறந்து கிடந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோவில் என் செத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்காதீங்கண்ணே, என்னையே பாருங்க" என்று வழியெல்லாம் அதட்டிக்கொண்டே வந்தாள். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர், "நேரத்தோட வந்துட்டீங்க" என்றார். ஊசி போட்டார்கள். நான் அழுதேன். எனக்காக அழவில்லைடா.

உயிர் பிழைத்தது. கை வரவில்லை. பிசியோதெரபிக்கு ஒரு கன்னடப் பெண், சின்ன வயசு, பெரிய பிடிவாதம். பச்சைப் பட்டாணியைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வாள். எடுக்க வராது. "இன்னொந்து சல, அங்கிள்" என்பாள். இன்னொரு தடவையாம். தினமும் நூறு இன்னொரு தடவை. கனவில்கூட அந்தப் பெண் பட்டாணியோடு வந்தாள்.

என் பாக்கியம் என்ன செய்தாள் தெரியுமா? இருபது வருடமாக அந்த கேரம் போர்டை அடுப்பில் வைக்கிறேன் என்று மிரட்டியவள், மன்றத்துக்குப் போய்க் கேட்டு, பழைய போர்டு ஒன்றையும் காய்ப் பையையும் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். "பட்டாணிக்கு மசியாத கை இதுக்கு மசியுதான்னு பாப்போம்" என்றாள். கடை சாத்தியதும் விமலா வருவாள். உன் இடத்தில், எனக்கு எதிரே உட்காருவாள். ஆட்டம் அவளுக்குத் தெரியாது. என் விரல் அசையாத அந்த இரண்டு மாதத்தில் அவள் ஆடக் கற்றுக்கொண்டாள்!

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஸ்ட்ரைக்கரைச் சுவரில் விட்டெறிந்தேன், இடது கையால். விமலா எழுந்து போய் எடுத்து வந்து கோட்டில் வைத்தாள். அப்போதுதான் குழறலோடு கேட்டேவிட்டேன், என் மேல் கோபம் இல்லையா என்று.

"இருந்துச்சு. உங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. எக்ஸ்ட்ரா இட்லி எதுக்கு வெச்சேன்னு நெனச்சீங்க? இன்னொண்ணு வேணும்னு கேட்டு நிக்காம தின்னுட்டு சீக்கிரம் கெளம்பட்டும்னுதான்."

பாக்கியம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். விமலா பவுடரைப் போர்டில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு எனக்கு ஆள் விட்டீங்களே, நான் ஓடியாந்து என்னண்ணே செஞ்சேன்? தைலம் தேச்சேன். நீங்க சோடா குடுத்தீங்க, நான் தைலம் தேச்சேன். யாருக்கும் தெரியல. ம், அடிங்க."

அடித்தேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஆள்காட்டி விரல் தானாகச் சுண்டியது. ஸ்ட்ரைக்கர் நாலு அங்குலம் ஊர்ந்து போய் ஒரு வெள்ளைக் காயைத் தொட்டு நின்றது. பாக்கியம் போட்ட கூச்சலில் கீழ் வீட்டு ஓனர் மேலே ஓடி வந்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் தெருவெங்கும் மஞ்சள் சிவப்புக் கொடி. மாநிலம் பிறந்த நாள், ராஜ்யோத்சவம். அதற்கு ஒரு கேரம் போட்டி. டபுள்ஸ் பட்டியலில் 'முருகேசன், விமலா' என்று பெயர் கொடுத்தேன். மன்றத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம் என்று விட்டார்கள். விடட்டும்.

முதல் சுற்று, கடைசி போர்டு. ரெட் உன் மூலைப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது. நான் தயங்குகிறேன். எதிரே விமலா இருமினாள். உன் திருட்டு இருமல்! ரெட்டுக்குப் போடா என்று நீ இருமுவாயே, அதேதான். இதை எப்போது கவனித்து வைத்திருந்தாள்? அடித்தேன். ரெட் விழுந்தது.

அப்புறம் ஃபாலோ. விளிம்பில் எங்கள் கறுப்புக் காய் ஒன்று, ஊதினால் விழும் தூரத்தில். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தேன். விமலா கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொந்து சல" என்று எனக்கே சொல்லிக்கொண்டு சுண்டினேன்.

விழுந்தது மச்சான். நீ விட்டுப்போன ஃபாலோவைப் போட்டுவிட்டேன்! விமலா போர்டு மேலேயே கவிழ்ந்து அழுதாள், சிரித்தாள். பாக்கியம் விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பார், எனக்கே தெரியாது அவளுக்கு விசில் வரும் என்று. இரண்டாவது சுற்றில் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள், அது வேறு கதை.

அடுத்த மாதத்திலிருந்து பட்டறைக்கு அரை நாள் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு வேலை முடித்தேன். ஸ்கோர் போர்டுக்கு மேலே ஒரு அட்டை, தமிழிலும் கன்னடத்திலும், இதே கையால் எழுதி மாட்டியிருக்கிறேன்: 'வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், சோடா வேண்டாம், தைலம் வேண்டாம். ஆட்டோவைக் கூப்பிடு.'

நான் இருக்கும்வரை இந்தத் தெருவில் இன்னொருவனுக்கு யாரும் சோடா உடைக்க மாட்டார்கள். உன் மேல் சத்தியம். நீ அங்கே யாரையாவது எதிரே உட்கார வைத்து ஆடிக்கொண்டிரு. நான் வர ரொம்ப நாள் ஆகும்.

வலது கையால் கையெழுத்திடும்
உன் மச்சான்,
எதிர் சீட்டு முருகேசன்