பாவாயி மற்றும் முப்பத்து நான்கு பேர்

ஜூன் 3, செவ்வாய்

காற்று இருந்தும் வெக்கை. புதுச்சத்திரம் போய்வந்தேன். முகவரி சரிபார்ப்பு, ஒரே வீடு.

இன்று சொல்லாமல் விட்டவை:
உங்கள் பெயரில் ஒரு வழக்கு இருக்கிறது அக்கா.
படிவத்தில் "கைதானதுண்டா" என்ற ஏழாவது கேள்விக்கு நீங்கள் எழுதிய "இல்லை" தப்பு.
இன்றே அதை "ஆமாம்" என்று மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றே வாக்கியம். விண்ணப்பித்தவரிடம் எதையும் சொல்லக்கூடாது என்பது அலுவலக விதி. விதி என்று எழுதிக்கொள்வது வசதி. உண்மையில் பயம்.

அவர் பெயர் பாவாயி. (இனி பா.) நாற்பது தாண்டியிருக்கும். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் வேலை. நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். பண்ணைத் தூசி ஆகாது, வேலையை விடு என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறதாம். இப்போது நாமக்கல் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் சமையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் அறிக்கை போனால் சேரலாம்.

போலீசுங்களா என்று முதலில் கேட்டார். இல்லை, ஆள் எடுப்பவர்களுக்காக, வருகிறவர் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று பார்த்துச் சொல்கிற தனியார் அலுவலகம், சேலத்தில், என்றேன். நல்லதுதானுங்க, புள்ளைங்க இருக்கற எடம், பாத்துத்தான் எடுக்கோணும் என்றார்.

வாசலில் தெருக்குழாய். அதன் கதையை அவரே சொன்னார். சில வருடங்களுக்கு முன் இருபது நாள் தண்ணீர் இல்லை. தெருப் பெண்கள் எல்லோரும் காலிக் குடத்தோடு ஹைவேயில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனது. மதியம் எலுமிச்சை சாதம். ஏட்டு ஒரு தாளை நீட்டிப் பெயர்கள் கேட்டாராம். பா. பத்தாவது படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவரையே எழுதச் சொல்லிவிட்டார். தன் பெயரை முதலில் போட்டு, வரிசையாக எல்லோரையும் எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு. அடுத்த மாதம் குழாய்.

பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் சாட்சிக்கு ரேகை வைக்க வந்தவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"மண்டபத்துல ரெண்டாந்தரம் சோறு வாங்குனவ இவதானுங்க. இவளுக்கு அந்த வேல ஆகலீன்னா எனக்குப் போட்டுடுங்க அம்மிணி."

"நீ கொழம்பு வெச்சா புள்ளைங்க ஆஸ்டல உட்டே ஓடிப்போயிரும்" என்றார் பா.

சிரித்தேன். பிறகு சும்மா கேட்பதுபோல், அன்றைக்கு உங்களைக் கைது செய்தார்களா அக்கா என்றேன்.

"கைதா? அட போங்க அம்மிணி. ஒக்கார வெச்சு சோறு போட்டாங்க. கைதுன்னா வெலங்கு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போறதல்லீங்களா?"

அப்போது சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது கீறல் விட்ட முட்டை நாலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். எதையும் வாங்கக்கூடாது என்பதும் விதிதான். அதை மீறினேன்.

ஜூன் 4, புதன்

வெயில். தலைவலி.

எஃப்.ஐ.ஆர். நகலை மறுபடி படித்தேன். "பாவாயி, க/பெ ரங்கசாமி மற்றும் முப்பத்து நான்கு பேர்." சட்டவிரோதமாகக் கூடுதல், பொதுவழியை மறித்தல். நிலுவை. சம்மன் போனதாகத் தெரியவில்லை. முத்து முத்தாக எழுதிய மற்ற பெயர்கள் எங்கே? அந்தத் தாள் ஸ்டேஷனில் ஏதாவது கட்டுக்குள் இருக்கும். தட்டச்சு செய்தவர் முதல் பெயரை மட்டும் அடித்திருக்கிறார். கணினியில் தேடினால் அகப்படுவது அந்த ஒரு பெயர்தான்.

எங்கள் கணக்கு: வழக்கு இல்லையென்றால் பச்சை. வழக்கு இருந்து, அவரே ஒப்புக்கொண்டிருந்தால் மஞ்சள். இருந்தும் "இல்லை" என்று எழுதியிருந்தால் சிவப்பு. தகவல் மறைப்பு.

மேலாளர் சுந்தரம் சாரிடம், புதுப் படிவம் வாங்கலாமா என்று கேட்டேன். மஞ்சள் ஆகிவிடும், மஞ்சளைப் பள்ளி ஏற்றுக்கொள்ளும், போன வருடம்கூட ஏற்றது என்றேன். வாங்கின பிறகு மாற்றச் சொன்னால் நாமே சொல்லிக்கொடுத்தது ஆகும் என்றார். தண்ணீருக்காக உட்கார்ந்தவர் சார் என்றேன்.

"தண்ணிக்கு ஒக்காந்தாங்களா, தங்கத்துக்கு ஒக்காந்தாங்களான்னு நம்மளக் கேக்கலம்மா. இல்லைன்னு எழுதியிருக்கு. இருக்கு. அவ்ளோதான்."

கெட்ட மனிதர் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்த வாரம் என் கோப்புகளையும் சேர்த்துப் பார்த்தவர்.

குறிப்புக் கட்டத்தில் நாலு வரி அடித்தேன். அத்தனை எழுத்து அது ஏற்காது. "பெண்கள் குடிநீருக்காக மறி" என்பதோடு நின்றுவிட்டது. சுருக்கி எழுதலாம் என்று நினைப்பதற்குள் சார் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

செவ்வாய்ப்பேட்டையில் துவரம்பருப்பு, வரமிளகாய். அம்மா கேட்ட நீல நூல்கண்டு மறந்துபோயிற்று. இரவு முட்டைக் குழம்பு. பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

லேசான தூறல், மண் நனையவில்லை.

அகராதி பார்த்தேன். "கைது" தமிழ்ச் சொல் இல்லை, அரபியிலிருந்து வந்தது. இத்தனை நாள் அதற்குள் ஒரு கை இருப்பதாக நினைத்திருந்தேன், யாரோ யார் கையையோ பிடிப்பதுபோல். பா.வுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் கையை அன்று யாரும் பிடிக்கவில்லை. அந்தக் கையில் பேனாவைக் கொடுத்தார்கள்.

படிவத்தைத் தமிழில் பெயர்த்தது யார்? நான்தான், இரண்டு வருடம் முன்பு. "போலீசார் எப்போதாவது உங்களை ஓரிடத்தில் பிடித்து வைத்ததுண்டா" என்று கேட்டிருந்தால் ஆமாங்க என்று எழுதியிருப்பார். ஒரு வார்த்தையில் முடித்த பெருமை அன்று எனக்கு.

நூலகப் புத்தகம் திருப்பவில்லை. பஸ் பாஸ் புதுப்பிக்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

போன் செய்தேன். மதியச் சாப்பாட்டு நேரம், மொட்டை மாடியில் நின்று. காலம் கடந்து சொல்வதற்கு விதியை மீறும் தைரியம் எப்படியோ வந்துவிடுகிறது.

எல்லாம் சொன்னேன். வழக்கு, ஏழாவது கேள்வி, சிவப்பு. அந்தப் பக்கம் இருமல் மட்டும். பண்ணையில் கோழிச் சத்தம்.

"அப்ப மண்டபத்துல இருந்ததுக்குப் பேரு கைதுங்களா?"

"ஆமாங்க அக்கா."

"பொய்யி எழுதீட்டேன்னு பள்ளிக்கோடத்துல நெனச்சுக்குவாங்க."

 இருமிவிட்டுக் கேட்டார்.

"மத்தவீகளுக்கும் இப்புடித்தான் வருமுங்களா? நாந்தான சாமி எல்லாத்து பேரையும் எழுதிக் குடுத்தேன்."

இல்லை அக்கா, அதில் உங்கள் பெயர் மட்டும்தான், மற்றவர்களை "மற்றும்" என்று போட்டுவிட்டார்கள் என்றேன்.

"பழனியம்மா பேரு?"

"இல்லீங்க."

பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு. தப்பாகக் கேட்டேனோ என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். தப்பாகக் கேட்கவில்லை. செரீங்க சாமி, வெயில்ல நிக்காதீங்க, நான் வாரேன் என்று வைத்துவிட்டார். வெயிலில் நிற்பதாக நான் சொல்லவேயில்லை.

ஜூன் 9, திங்கள்

பா.வின் கோப்பு "முடிந்தது" பட்டியலுக்குப் போயிற்று. பள்ளி வேறு ஆள் பார்க்கிறதாம். நாலு வரிக் குறிப்பை யாரும் கேட்கவில்லை.

நூல்கண்டு வாங்கினேன். பச்சை வாங்கி வந்திருக்கிறேன். அம்மா கேட்டது நீலம்.

ஜூன் 11, புதன்

அதே பள்ளி, அதே வேலை, புதுக் கோப்பு. பழனியம்மாள், புதுச்சத்திரம்.

கையெழுத்து இடத்தில் கட்டைவிரல் ரேகை. படிவம் முழுக்க முத்து முத்தான எழுத்து. எனக்குத் தெரிந்த எழுத்து. ஏழாவது கேள்விக்கு: இல்லை.

முதல் "இல்லை" தெரியாமல் எழுதியது. இது தெரிந்தே எழுதியது. எழுத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை. 'லை'யின் சுழி அதே வட்டம்.

பெயரைத் தேடினேன். எதுவும் வரவில்லை. அந்த முப்பத்து நான்கில் இவரும் ஒருவர் என்று இந்த அலுவலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். சார், க்ளியராம்மா என்று கேட்டார். க்ளியர் சார் என்றேன்.

பச்சை.

ஜூன் 16, திங்கள்

பழனியம்மாள் இன்று விடுதிச் சமையலில் சேர்ந்தார். பாவாயி கோழிப்பண்ணைக்கே போகிறார்.