வாசிக்காமல் விட்ட வரி

7 மார்ச் 87, சனி

காலையில் ஈரப் பனி. நனைந்த சப்பாத்துக்குள் பேப்பர் திணித்துக்கொண்டு ரயில். ஜெர்மனியில் அகதி ஊர் தாண்டத் துண்டு வேண்டும்; ஹம்மிலிருந்து பான் போக வெளிநாட்டார் கந்தோரின் அனுமதித் துண்டு சட்டைப் பையில். ஒரு நாளைக்கு மட்டும்.

மல்லிகா வீட்டில் முதல் தடவை. கோத்தகிரிப் பிள்ளை, பான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. தாய் இலங்கையில், நம் மலைநாட்டுத் தோட்டமொன்றில், கூலிகளின் லயத்தில் பிறந்தவ. கொலோன் தமிழ்ப் பூசையில் பழைய கையெழுத்து வாசிக்க ஆள் தேடியிருக்கிறாள். பதினாறு வருடம் நொத்தாரிசு கந்தோரில் காணி உறுதி எழுதினவன் என்று என்னைக் காட்டிவிட்டார்கள்.

ஸ்கொட்லாந்தில் ஒரு ஆவணக் காப்பகம். தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் பெட்டி அங்கே. நாட்குறிப்பு, தாய்க்கு எழுதிய கடிதங்கள், நாய் விற்ற பற்றுச்சீட்டு கூட. ஒன்றையும் எறியவில்லை மனுசன். அதற்குள் தமிழ்க் கடிதம் ஒன்று. பட்டியலில் ‘எழுதியவர் தெரியாது’. அதன் போட்டோக் கொப்பிதான் மேசையில்.

புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெருமையாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். கறுப்பாயி என்கிற கூலிப்பெண்ணின் மனு. புருஷன் இறந்துவிட்டான், பிள்ளைக்குக் காய்ச்சல், தாய் வேறு தோட்டத்தில். அங்கே போக துரை துண்டு தரவேண்டும். கீழே ‘கறுப்பாயி கைநாட்டு’, மை அப்பிய பெருவிரல் அடையாளம்.

அதற்கும் கீழே, பொடி எழுத்தில், ‘சேசு மரி சூசை’ என்று தலைப்பிட்டு இன்னொரு குறிப்பு, பெரிய கங்காணிக்கு. துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற துணிவு. ‘இவள் போனால் மற்றதுகளும் கிளம்பும். துண்டு கொடுக்க வேண்டாம். துரைக்கு வேறு விதமாய்ச் சொல்லியிருக்கிறேன்.’ ஒப்பம். கடைசி எழுத்தின் வால் பின்னால் வளைந்து பேரின் கீழே ஓடுகிறது.

எங்கள் வீட்டு உறுதியில் அதே வால். என் அப்பப்பா. தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர்.

“கீழ என்னண்ணா எழுதியிருக்கு?”

“வாசிக்க ஏலாது பிள்ளை. மை ஊறிப் போச்சு.”

“பரவால்லண்ணா. நீங்க இல்லேன்னா ஒரு வரிகூட எனக்குப் புரிஞ்சிருக்காது.”

சாம்பார் சாதம் தந்தாள். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கம் கெட்டவன்.

8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன். தலையிடி இல்லை.

பார்த்தவை: யேசுதாசனின் சேட்டுகள் (ஹைம்மில், இந்த அகதி விடுதியில், என் அறைக்காரன்), ஜன்னல், மறுபடி சேட்டுகள். அப்பப்பாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கோட்டு, மீசை. ‘துரைக்கே இங்கிலீசு திருத்தினவர்’ என்று அவர் மகன், என் ஐயா, ஊரெல்லாம் சொல்லித் திரிவார். நானும் சொல்லியிருக்கிறேன், இங்கே, இந்த ஹைம்மில், போன மாதம்கூட.

11, புதன்

வெளிநாட்டார் கந்தோரில் டெர்மின், வரச் சொன்ன நாள். ஒன்றரை மணி நேரம் வரிசை. 28ஆம் திகதிக்கு இன்னொரு துண்டு கேட்டேன், மல்லிகாவிடம் வேறு கொப்பிகளும் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் என் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. கறுப்பாயி கேட்டதும் இதுதானே என்று நினைத்தேன்.

என் தாள் கிடைத்துவிட்டது. அவளுக்குக் கிடைத்ததோ, அந்தப் பிள்ளை பிழைத்ததோ, அதைப் பெட்டி சொல்லவில்லை.

வாங்க: உள்ளி, சவுக்காரம், முத்திரை 2.

14, சனி

தவக்காலம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அகராதி பார்த்து ஜெர்மன் வசனம் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். “சுவாமி, நான் ஒரு வரியை வாசிக்கவில்லை.”

அவர் செபப் புத்தகத்தில் என்று விளங்கிக்கொண்டார். அது பாவமில்லை, பிந்தி வாசிக்கலாம் என்றார். மூன்று பரலோக மந்திரம். திருத்திச் சொல்ல எனக்கு ஜெர்மன் காணாது. உண்மை: தைரியம் காணாது.

யேசுதாசனுக்கு மட்டும் சொன்னேன். சிரிக்கிறான்.

“செத்து மண்ணாப் போன மனுசன்ரை எழுத்துக்கு நீ ஏன் அண்ணை சாப்பிடாமக் கிடக்கிறாய்? ஆருக்குத் தெரியப் போகுது?”

ஆருக்கும் தெரியாது. அதுதான் எனக்குக் கரைச்சல்.

20, வெள்ளி

மழை. மல்லிகாவின் கடிதம். கட்டுரை எழுதிவிட்டாளாம், அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் வாசிக்கிறாள். ‘உங்க உதவியாலதான் அண்ணா. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பொண்ணுக்காக மனு எழுதிக் குடுத்த அந்த இரக்கமுள்ள கிளார்க்கை வச்சுத்தான் ஆரம்பிக்கிறேன். எங்க அம்மா கேட்டா அழுவாங்க.’

இரக்கமுள்ள.

படுத்தேன், எழும்பினேன். இனிச் சும்மா இருந்தாலும் பொய்தான். கறுப்பாயியின் பேத்தி வயதுப் பிள்ளைகள் வந்து அந்த மனுசனுக்கு நன்றி சொல்லும், நான் பார்த்துக்கொண்டிருப்பேனா?

22, ஞாயிறு

ஸ்டேஷன் கூண்டிலிருந்து போன் எடுத்தேன். “சொல்லுங்கண்ணா!” அவள் குரலில் அவ்வளவு சந்தோசம். ஹம்மில் மழை விட்டுவிட்டது என்று சொன்னேன். அங்கேயும் விட்டுவிட்டதாம். வைத்துவிட்டேன்.

நாற்பத்தைந்து வயது. சீ.

28, சனி

பான். வெயில். சப்பாத்து காய்ந்திருக்கிறது.

மல்லிகா சோறு வைத்துக்கொண்டு நின்றாள். கோட்டைக் கழற்றாமலே சொன்னேன், அந்தக் கொப்பியைக் கொண்டு வாங்கோ. குறிப்பை முழுக்க வாசித்தேன், ‘சேசு மரி சூசை’ தொடக்கம் ஒப்பம் மட்டும்.

அடுப்பை அணைத்தாள்.

“அன்னைக்கே தெரியுமாண்ணா?”

“ஓம்.”

“அப்புறம் ஏன்?”

“என்ரை அப்பப்பா, பிள்ளை.”

ஜன்னலோரம் போய் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். திரும்பி வந்து கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்து, ‘இரக்கமுள்ள’ என்ற ஒரு சொல்லை மட்டும் இல்லை, பக்கம் முழுவதையும் குறுக்கே கோடிழுத்து அடித்தாள்.

“அவர் பேர் சொல்லுங்க. காப்பகத்துக்கு எழுதணும். லிஸ்ட்ல ‘தெரியாது’ன்னு இருக்கு.”

இதை எழுதத்தான் மிகவும் வெட்கம்: அப்போதும் கேட்டேன்.

“பேர் கட்டாயமோ? கிளாக்கர் எண்டு மட்டும் போட்டால் காணாதோ?”

அவள் கோபப்படவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பி, பெருவிரல் அடையாளத்துக்கு மேலே விரலை வைத்தாள்.

“இவங்க பேர் இருக்கே அண்ணா.”

சந்தியாப்பிள்ளை என்றேன். ஆங்கிலத்தில் எப்படி என்று கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள்.